காபிரிஞ்ஞா

சம்பா என்றால் எங்கள் ஏறாவூரில் அரிசிதான். பிரேசில் நாட்டில் அப்பெயரில் ஓர் ஆட்டமும் பாட்டும் உண்டு என்பதைப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே அறிந்தேன். ரியோ டி ஜெனிரோவின் கார்னிவல் ஊர்வலம் பற்றிய செய்தியொன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, இதுபோன்ற ஒன்றைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேனே என்ற எண்ணம் எழுந்தது. பார்த்த இடம் மட்டக்களப்பில் ஒரு பறங்கியர் வீட்டுக் கல்யாணப் பந்தல்.

எங்கள் வீட்டுக் கதவு நிலைகளைச் செய்தவர் ஒரு பறங்கித் தச்சர். அவருடைய மகளின் திருமணத்துக்கு வாப்பா என்னையும் அழைத்துச் சென்றார். வயலினும் மேண்டலினும் ஒலிக்க, ஒருவர் றபான் தட்ட, நான்கு இணைகள் சதுரமாக நின்று ஆடின. ஆட்டத்தின் பெயர் காபிரிஞ்ஞா என்றார்கள். அதில் 'காபிர்' என்ற சொல் கேட்டதும் எனக்கு அச்சமாகிவிட்டது. ஓதப்பள்ளியில் படித்த பிள்ளையல்லவா! வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவரோ றபான் தட்டுபவரின் விரல்களையே கவனித்துக்கொண்டிருந்தார். "நம்மட பாவாமாரும் இப்படித்தான் மனே தட்டுவாங்க" என்றார்.

என் காது பிழைக்கவில்லை. கிழக்கு ஆபிரிக்க மக்களை அரபு வணிகர் 'காபிர்' என்றழைத்தனர். போர்த்துக்கேயர் அச்சொல்லை வாங்கி, தாம் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவந்த ஆபிரிக்கருக்குச் சூட்டினர். புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் 'மஞ்ஞா' பாடி ஆடுகின்றனர். வாப்பா சொன்னதிலும் உண்மையிருந்தது. அரபியரின் 'துஃப்' என்னும் தோல்வாத்தியம் போர்த்துக்கலில் 'அதூபே' ஆயிற்று. சம்பாவின் பண்டெய்ரோவும் எங்கள் பக்கீர்பாவாக்களின் றபானும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டனர். பத்தே ஆண்டுகள்! ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற கிரியோல் மொழி, ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் கடந்து, வாவிக்கரையில் தச்சர், கொல்லர் குடும்பங்களின் வீட்டுமொழியாக வாழ்ந்தது. காபிரிஞ்ஞாவின் பாட்டும் அம்மொழியிலேதான்.

சம்பாவின் பிள்ளைதான் பைலா என்று சிலர் எழுதுகின்றனர். அது தவறு. சம்பா, அங்கோலாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் தாளத்தில் வேர்கொண்டது. பிரேசிலில் 1888இல் அடிமைமுறை ஒழிந்த பின், பாகியா மாநிலத்திலிருந்து ரியோவுக்கு வந்தவர்களோடு அங்கு வளர்ந்தது. இனிப்புப் பண்டம் விற்ற சியாத்தா என்னும் அம்மையாரின் வீட்டில் கூடிய பாடகர்களுள் ஒருவரான தொங்கா, 1916இல் 'பெலு தெலிபோனி' பாடலைத் தம் பெயரில் பதிவு செய்தார். அக்காலத்தில் ரியோ பொலிசார் சம்பாக்காரரைத் துரத்தினர். பின்னர் அதே ஆட்டம் தேசிய அடையாளமாகி, 1984இல் அதற்கென ஒஸ்கார் நிமேயர் வடிவமைத்த அரங்கமே எழுந்தது. காபிரிஞ்ஞாவைச் சம்பாவின் ஒன்றுவிட்ட சகோதரி எனலாம்: இருவருக்கும் ஒரே கப்பல்காரன், வேறுவேறு துறைமுகம்.

அந்தக் காபிரிஞ்ஞாவிலிருந்து கொழும்பில் பைலாவை உருவாக்கியவர் வொலி பஸ்தியான். அவர் தொழிலால் ஒரு பொலிஸ்காரர் என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வரும். சிலோன் மனோகரின் 'சுராங்கனி' வழியே அத்தாளம் தமிழகத்துக் கல்யாண வீடுகளையும் எட்டியது. ஆனால் அதன் தாய்வீட்டை எத்தனை பேர் அறிவர்?

பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போயினர். மட்டக்களப்பின் டச்பார் பகுதியில் எஞ்சியிருந்த குடும்பங்கள் பலவற்றை 2004இன் ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. இளையோர் தமிழே பேசுகின்றனர். அதில் எனக்கு மகிழ்ச்சி எழவில்லை. ஒரு மொழி போகும் ஓசையை எம்மொழியில் கேட்பதில் என்ன பெருமை?

தச்சரின் பேரனுடைய திருமணத்துக்கும் சென்றேன். பெரிய ஒலிபெருக்கிகளில் திரைப்பாடல்கள் முழங்கின. இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மூதாட்டி எழுந்து காபிரிஞ்ஞா வேண்டும் என்றார். வயலின்காரரைத் தேடி அழைத்துவந்தனர். அடி தெரிந்த ஆறு பேரே இருந்தனர். நான்காம் இணை நிற்க வேண்டிய இடத்தை அப்படியே விட்டுவிட்டு மூன்று இணைகள் ஆடின.