கணக்கு வருது, பாட்டு வரல

என் பேரனுக்கு எட்டு வயது நடக்கும்போது, கண்டியில் ஒரு கிளினிக்கில் அவனுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகச் சொன்னார்கள். மனம் ஓரிடத்தில் தரிக்காது, கைகால் ஓயாது. மீத்தைல்ஃபெனிடேட் குளிசை எழுதித் தந்தார்கள். அவனுடைய தாய்க்குக் கொழும்பில் கார்மெண்ட்ஸ் வேலை. பிள்ளை நாலந்தாவில் என்னோடு. தோட்டப் பாடசாலையில் முப்பத்திரண்டு வருஷம் படிப்பித்தவள் நான். பிள்ளைகளின் விஷயத்தில் எனக்குத் தெரியாதது அதிகம் இல்லை என்றே அப்போது நம்பியிருந்தேன்.

இரண்டு கிழமை போனது. கொப்பியில் எழுத்து கோட்டின் மேல் உட்கார்ந்தது. வகுப்பு டீச்சர் சொல்லியனுப்பும் குறைகள் நின்றன. அதே நாட்களில்தான் சாப்பாட்டுப் பெட்டியும் தொடப்படாமல் திரும்பி வரத் தொடங்கியது. முட்டையை நாலாக வெட்டிச் சோற்றின் மேல் வைத்து அனுப்புவேன். பகல் இரண்டு மணிக்கு மூடியைத் திறந்தால் நாலு துண்டும் வைத்த இடத்திலேயே ஓரம் காய்ந்து கிடக்கும். கழிசான் இடுப்பில் நிற்காமல் ஊசி குத்திவிட வேண்டி வந்தது. இருபத்தாறு கிலோ இருந்த பிள்ளை, இரண்டு மாதத்தில் இருபத்து நாலரைக்கு வந்துவிட்டான்.

இரவில் தூக்கமும் போனது. அதற்குக் காரணம் நான்தான். காலையில் ஒன்று, பாடசாலை இடைவேளையில் ஒன்று என்றுதான் டொக்டர் எழுதியிருந்தார். பாடசாலையில் தெரிந்தால் பிள்ளைக்குப் பெயர் வைத்துவிடுவார்கள் என்று பயந்து, அந்த இரண்டாவதை நான் பின்னேரம் நாலு மணிக்கு, டியூஷனுக்கு முன்னால் கொடுத்தேன். நடுச்சாமத்தில் ஏ9 வீதியில் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப் போகும் லொறிகளை அவன் படுத்தபடியே எண்ணிக்கொண்டிருப்பான். "பதினேழாவது போகுது அம்மாயி" என்பான். கண்ணில் ஒரு சொட்டுத் தூக்கம் இருக்காது.

அயலவர்கள் மட்டும் சந்தோஷப்பட்டார்கள். "இப்பதான் நல்ல பிள்ளையாயிட்டான்" என்றார்கள். எனக்கு வயிறு கலங்கியது. மாத்தளை முத்துமாரியம்மன் தேர் பார்த்து வந்த நாளிலிருந்து, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தப்பு அடிப்பது அவனுடைய பழக்கம். வாயில் ஏதாவது ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது பக்கெட் கிணற்றடியில் சும்மா கிடந்தது. ஒருநாள் அவனே சொன்னான்: "கணக்கு வருது அம்மாயி. பாட்டு வரல."

அன்றைக்கே டொக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் குளிசைப் பெட்டியைச் சீனிப் போத்தலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மகளுக்குச் சொல்லவில்லை. மூன்று கிழமை கொடுக்கவே இல்லை. சாப்பாடு திரும்பி வந்தது. பழைய ஓட்டமும், கொப்பி கிழிப்பதும், வகுப்பில் அடிபிடியும் கூடவே வந்தன. அடுத்த கிளினிக்கில் டொக்டர், "குளிசை ஒழுங்கா குடுக்கிறீங்களா அம்மா?" என்று கேட்டார். "ஆமாங்க டொக்டர்" என்றேன். டீச்சர் எழுதித் தந்த கடிதத்தை வாசித்தார். பிறகு பேனையை எடுத்து, அளவைக் கூட்டி எழுதத் தொடங்கினார்.

"அம்மாயி குளிசய சீனிப் போத்தலுக்குப் பின்னால வச்சிருக்காங்க" என்றான் பேரன்.

டொக்டர் என்னை ஏசவில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டு, "நீங்க சொல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். குளிசையே போகாத உடம்புக்குக் கூடுதல் அளவு எழுதப்பட்டு, அதைப் பயத்தில் நான் கொடுத்தும் இருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் கை நடுங்குகிறது. எழுதப்போனவர் மேல் பிழையே இல்லை. பக்க விளைவை நான் அவரிடமிருந்து ஒளித்தேன், குளிசையைப் பாடசாலையிடமிருந்து ஒளித்தேன். பிள்ளை இரண்டுக்கும் நடுவில் கிடந்து வாடினான்.

அன்று டொக்டர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். மூளையில் டோபமின், நோரட்ரினலின் என்று இரண்டு இரசாயனங்கள். இந்தக் குளிசை அவற்றைச் சற்றுக் கூடுதல் நேரம் நிற்க வைக்கிறது. கவனம் கூடுவதும் அதனால்தான். பசி அடங்குவதும், நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிப்பதும் அதனால்தான். சாதாரணக் குளிசையின் வேலை மூன்று, நான்கு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஆகவே தொல்லைகளுக்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு. அதைப் பிடித்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கும்.

ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்கினேன். குளிசை கொடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், அழுத நேரம், தூங்கிய நேரம். இந்த மருந்து வகையின் கதையே ஒருவர் கவனித்து எழுதியதில்தான் தொடங்குகிறது என்று பிறகு அறிந்தேன். அமெரிக்காவில் ரோட் தீவில் சார்ல்ஸ் பிராட்லி என்ற வைத்தியர், தன் பராமரிப்பில் இருந்த சிறுவர்களின் தலைவலிக்காகப் பென்செட்ரின் கொடுத்துப் பார்த்தார். தலைவலியில் பெரிய மாற்றம் இல்லை, ஆனால் பிள்ளைகள் பாடத்தில் அமர்ந்தார்கள். 1937இல் அதை எழுதி வெளியிட்டார். மீத்தைல்ஃபெனிடேட்டை 1944இல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பனியின் லியாண்ட்ரோ பனிசோன் உருவாக்கினார். அதன் விற்பனைப் பெயரான ரிட்டலின், அவருடைய மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து வந்தது.

கொப்பி ஒரு மாதத்தில் வழி காட்டியது. பிள்ளைக்குப் பசி இருக்கும் நேரத்துக்குச் சாப்பாட்டை நகர்த்தினேன். காலை ஆறே காலுக்கு, குளிசைக்கு முன்னால், வயிறு நிறையச் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, முட்டை. வெறும் வயிற்றில் குளிசை போனால் வயிற்று வலி வந்ததையும் கொப்பிதான் சொன்னது. பகல் பெட்டியில் ஒரு வாழைப்பழமும் இரண்டு பிஸ்கட்டும் போதும். திரும்பி வந்தாலும் முகம் சுளிப்பதில்லை. மூன்றரைக்கு மேல் பசி ஓடி வரும். அப்போது அவித்த மரவள்ளியும் தேங்காய்ச் சம்பலும். இரவு எட்டரைக்கு இன்னொரு தரம் பாலும் ரொட்டியும்.

டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். இடைவேளையில் தன் கையால் தண்ணீரோடு கொடுப்பதாகச் சொன்னார். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. நாலு மணிக் குளிசை நின்றதும் தூக்கம் மெல்ல மெல்ல வந்தது. பின்னேரத் தேத்தண்ணியையும் நிறுத்தினோம். தேயிலையில் வேலை செய்த குடும்பம் எங்களுடையது, குழந்தைக்கும் ஒரு கோப்பை பிளேன் டீ ஊற்றிக் கொடுத்துத்தான் பழக்கம். இந்தக் குளிசை எடுக்கும் பிள்ளைக்கு அது நெஞ்சுப் படபடப்பையும் தூக்கமின்மையையும் கூட்டும்.

குளிசையின் வேலை இறங்கும் மூன்று மணிதான் மிகவும் பொல்லாத நேரம். சட்டைக் கையைக் கடிப்பான், காரணமே இல்லாமல் அழுவான். அந்த நேரத்தில் வீட்டுப்பாடம், புத்திமதி இரண்டையும் விட்டேன். கெடிகேக்கு நடப்போம். வீதியிலிருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளே, தென்னிந்தியக் கோயில் போலவே கல்லால் கட்டிய பௌத்த விகாரை. போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது வெள்ளத்தில் போகாமல், கல் கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்பக் கட்டியது. அணைக்கட்டு நீளத்துக்கு ஓடுவான். நான் கல்லில் உட்கார்ந்திருப்பேன். திரும்பி வரும்போது மூச்சு வாங்க, என் கையைப் பிடித்துக்கொள்வான்.

பாட்டு வராததைச் சொன்னதும் டொக்டர் உடனே அளவைப் பார்த்தார். பிள்ளை மரம் மாதிரி அமைதியாவது மருந்து நன்றாக வேலை செய்வதற்கு அடையாளம் இல்லை, அளவு கூடியதற்கு அடையாளம் என்றார். இடைவேளைக் குளிசையைப் பாதியாக்கினார். பத்து நாளில் கிணற்றடியில் தப்புச் சத்தம் கேட்டது. மாவரைத்துக்கொண்டிருந்த நான் கையை எடுத்துவிட்டு நின்றேன்.

உயரத்தைப் பற்றிய கவலை எல்லாத் தாய்மாருக்கும் உண்டு. அது வீண் கவலை இல்லை. 1999இல் முதல் முடிவு வெளிவந்த, 579 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த வட அமெரிக்க ஆய்வில், மூன்று வருஷ முடிவில் மருந்து எடுத்த பிள்ளைகள் எடுக்காதவர்களைவிடச் சுமார் 2 சென்ரிமீற்றர் குறைவாக வளர்ந்திருந்தார்கள். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது உயரம், நிறை, இரத்த அழுத்தம், நாடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் வீட்டுக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. வளர்ச்சி தடைப்பட்டால் விடுமுறையில் குளிசையை நிறுத்தி வைக்கலாமா என்று டொக்டர் தீர்மானிப்பார். நாமாக நிறுத்துவது வேறு, அவர் சொல்லி நிறுத்துவது வேறு. நெஞ்சு வலி, மயக்கம், இல்லாததைப் பார்ப்பது கேட்பது, சாகப் போகிறேன் என்ற பேச்சு, இவற்றுக்குக் கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. குடும்பத்தில் இளம் வயதில் திடீரென்று மாரடைப்பில் போனவர் இருந்தால், முதல் குளிசைக்கு முன்பே சொல்லுங்கள். அயலில் ஒருவர் கொண்டு வந்து தந்த மூலிகைப் பாகைக்கூட நான் டொக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வைத்தேன்.

2022இல் நாட்டின் பொருளாதார நெருக்கடியில் எத்தனையோ மருந்துகளோடு இதுவும் எங்கள் கைக்கு எட்டாமல் போனது. வேறொரு பிள்ளையின் குளிசையில் பாதி தருவதாக ஒரு தாய் சொன்னார். அந்த அன்பை மறக்கமாட்டேன், ஆனால் வாங்கவில்லை. கிளினிக்குக்குப் போய், இருந்த கொஞ்சத்தை எப்படிக் கொடுப்பது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

இப்போது அவனுக்குப் பதின்மூன்று. கொப்பி அவன் கைக்குப் போய்விட்டது. போன மாதம் டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்கத் தொடங்க, அவனே முந்திக்கொண்டான். "பசி மூணரைக்கு வருது டொக்டர். ஒம்பதரைக்குத் தூங்குறேன். ரெண்டு நாள் தலை வலிச்சிச்சு, தண்ணி குடிக்க மறந்த நாள்." பிறகு கொஞ்சம் தயங்கி, "டிசம்பர் லீவுல நிப்பாட்டிப் பாக்கலாமா?" என்றான். டொக்டர் பேனையை எடுத்தார். என்ன எழுதுகிறார் என்று அவன் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.