வடகரைப் பிள்ளைகளும் வடதிசை ஆறுகளும்

காங்கேசன்துறையில் பிறந்து வளர்ந்த என் தலைமுறையினருக்கு நீச்சல் ஆசிரியர் என்று எவரும் இருந்ததில்லை. கீரிமலைக் கேணியில் பெரியவர்களின் தோளைப் பற்றிக்கொண்டு தத்தளித்தோம். பின்னர் கடலில் இறங்கினோம். அவ்வளவுதான். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கிற்று. வீட்டையும் காணியையும் இழந்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். ஒரு தலைமுறை தண்ணீரோடு இருந்த பழக்கத்தை இழந்ததைப் பற்றி அதிகம் எழுதியதில்லை.

ஸ்காபரோவில் வாழும் என் பெறாமகள் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய மகனுக்குப் பதினைந்து வயது. கோடை விடுமுறையில் வட ஒன்ராறியோவின் ஆறுகளில் கனூ எனப்படும் சிறுதோணியில் நெடும்பயணம் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம்.

"ஆறு கிழமையாம், சித்தப்பா. வழியில ஊரே இல்லையாம், போனும் கிடையாதாம். தண்ணியைக் கண்டாலே எனக்கு நெஞ்சு பதறும். நான் என்னெண்டு விடுறது?"

அவள் அஞ்சியதில் வியப்பில்லை. ஐந்து வயதில் ஊரை விட்டு வெளியேறியவள் அவள். எங்கள் சனத்தில் பலருக்குத் தண்ணீர் என்பது இரவில் ஒளிந்து கடந்த நீரேரி. அல்லது உறவினரை விழுங்கிய ஆழ்கடல்.

இப்பயணங்கள் நேற்று முளைத்தவை அல்ல. 1893இல் தொடங்கப்பட்ட கீவேடின் என்னும் முகாம் இன்றும் ஒன்ராறியோவின் டெமகாமி ஏரியிலிருந்து பதின்ம வயதினரை ஆறுகளுக்கு அனுப்பிவருகிறது. மூத்த அணிகள் ஹட்சன் விரிகுடாவரை செல்வதுண்டு. ஆறு பாறைகளில் விழுந்து சீறும் இடங்களில் தோணியைக் கரையேற்றி, தலைகீழாகத் தோளில் கவிழ்த்துக் காட்டுவழியே சுமக்க வேண்டும். உணவும் பாத்திரமும் மரப்பெட்டிகளில் இருக்கும். அப்பெட்டியின் பட்டையை நெற்றியில் மாட்டி முதுகில் தூக்குவார்கள். மலையகத்தில் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அக்காட்சி புதிதாக இராது. தோணியும் சுமக்கும் முறையும் கிறீ, அனிஷினாபே முதலிய முதற்குடி மக்களின் அறிவு. ஐரோப்பியர் அவர்களிடம் கற்றுக்கொண்டனர்.

தன் உணவைத் தானே சமைத்து, நனைந்த கூடாரத்தில் உறங்கி, விடிந்ததும் மீண்டும் துடுப்பெடுக்கும் பிள்ளைக்கு ஒன்று விளங்கிவிடும். தான் சுமக்காவிட்டால் தன் பங்கை இன்னொருவன் சுமக்க வேண்டும் என்பதே அது. வகுப்பறையில் இதனைக் கற்பிப்பது கடினம்.

ஆயினும் ஆபத்து உண்மையானது. 1978 ஜூன் 11ஆம் தேதி, ஒன்ராறியோப் பாடசாலை ஒன்றின் மாணவர்கள் 27 பேரும் தலைவர்கள் நால்வரும் நான்கு கனூக்களில் டிமிஸ்கமிங் ஏரியிலிருந்து ஜேம்ஸ் விரிகுடாவை நோக்கிப் புறப்பட்டனர். இரவெல்லாம் வாகனத்தில் பயணம் செய்து வந்தவர்கள் அவர்கள். ஏரியில் காற்றெழுந்தது. ஒரு தோணி கவிழ, உதவச் சென்ற தோணிகளும் கவிழ்ந்தன. உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தும் பன்னிரண்டு மாணவர்களும் ஒரு தலைவரும் மாண்டனர். அவர்களைக் கொன்றது ஆழம் அன்று, குளிர். 2017 ஜூலையில் அல்கொன்குயின் பூங்காவில், ரொறன்ரோப் பாடசாலைக் கனூப் பயணம் ஒன்றின்போது பதினைந்து வயது மாணவன் ஒருவன் ஏரியில் மூழ்கி இறந்தான். அந்தப் பயணத்திற் சென்ற 32 மாணவர்களில் 15 பேர் நீச்சல் தேர்வில் தேறாதவர்கள் என்பது பின்னர்தான் வெளிவந்தது.

இவ்விரண்டு செய்திகளையும் படித்தபோது எங்கள் கரையோர மீனவர்களை நினைத்துக்கொண்டேன். வாடைக்காற்று வலுத்துவிட்டால் எங்கள் வடகரையில் தோணி மணலில்தான் கிடக்கும். அன்று உலை வைக்க அரிசி இல்லாவிட்டாலும் இறக்கமாட்டார்கள். அதைக் கோழைத்தனம் என்று எவரும் சொன்னதில்லை. அந்தக் கரையிலிருந்துதான் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் புறப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதில் வல்வை மாலுமிகள் சென்றார்கள். 1954இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்குப் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். துணிவும் நிதானமும் எங்களவரிடம் ஒன்றாகவே இருந்தன.

ஆகவே பெறாமகளிடம், விடு என்றோ விடாதே என்றோ நான் சொல்லவில்லை. சில கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொன்னேன். பயணத்துக்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் நீந்தவைத்துச் சோதிப்பார்களா? தேறாதவனை என்ன செய்வார்கள்? உயிர்காப்பு அங்கி எப்போதும் உடலில் இருக்குமா, தோணியின் அடியில் கிடக்குமா? குளிர்ந்த நீரில் கவிழ்ந்தவனை மீட்கும் பயிற்சி தலைவர்களுக்கு உண்டா? காற்று எழுந்தால் இரண்டு நாள் கரையில் தங்கும் அளவுக்கு அட்டவணையில் இடம் இருக்கிறதா? முகாமுக்கு எப்படி உதவியை அழைப்பார்கள்? இவற்றுக்குத் தயக்கமின்றி விடை சொல்பவர்களிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். பயண அழகை மட்டும் வருணிப்பவர்களிடம் வேண்டாம். கடைசியாக, மகன் வாரந்தோறும் நீச்சற்குளத்துக்குப் போகிறானா என்று கேட்டேன். "இல்லை, சித்தப்பா" என்றாள். "அப்ப இந்த வருசம் குளம், வாற வருசம் ஆறு" என்றேன். அவளும் நீச்சல் பழகலாமே என்றும் சேர்த்துச் சொன்னேன்.

காங்கேசன்துறைக்கு 2015இல் ரயில் திரும்பியது. 2023இல் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. ஆனால் கம்பிவேலிக்கு அப்பால் கடலை வைத்து வளர்ந்த ஊர்ப் பெற்றோரும் என் பெறாமகளின் நிலையில்தான் இருக்கிறார்கள். ஊரிலோ கனடாவிலோ நோர்வேயிலோ இருக்கும் பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நம் அச்சத்தைப் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்கவேண்டாம். அடுத்த கோடை வருமுன் உங்கள் பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா என்று பாருங்கள். தெரியாவிட்டால் இந்த வாரமே சேர்த்துவிடுங்கள்.