சேரிப் பால்வாடிக்கு வந்த செல்போன்

அங்கன்வாடி என்று அரசாங்கம் எழுதுகிறது. எங்கள் ஜனங்கள் வாயில் அது இன்னும் பால்வாடிதான். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. சேரிப் பிள்ளை தன் வாழ்க்கையில் பார்க்கிற முதல் அரசாங்கம் பால்வாடி டீச்சர்தான். மூக்கைத் துடைத்துவிட்டு, வரிசையாய் உட்காரவைத்து, சோறு போட்டு, பாட்டுச் சொல்லித் தருகிற அந்த அக்கா கையில் இப்போது செல்போன் இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

தலித் பத்திரிகையில் செல்போனுக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். கருவி யார் கையில் இருக்கிறது, யாருக்காக இருக்கிறது, அதைப் பழக்குகிறவர் என்ன சொல்லிப் பழக்குகிறார் என்பதெல்லாம் அதிகாரம் சம்பந்தப்பட்ட கேள்விகள். சேரிக்கும் ஊருக்கும் நடுவில் அதிகாரம் என்றால் அது சாதிதான்.

நான் விழுப்புரம் பக்கத்துக் காலனிக்காரன். சாயங்காலங்களில் எங்கள் பகுதிப் பால்வாடி அக்காக்கள் சிலர் போனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "தம்பி, நீ எம்.ஏ. படிச்சவன், இத இன்னான்னு கொஞ்சம் பாரு." தமிழ் இலக்கணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் உட்கார்ந்து பார்ப்போம். அப்படிப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

2018இல் போஷன் அபியான் வந்தது. 2021இல் போஷன் டிராக்கர் என்கிற செயலி வந்தது. வருகைப் பதிவு, பிள்ளையின் எடை, உயரம், சாப்பாடு, கர்ப்பிணி விவரம், வீடு பார்த்துவந்த கணக்கு, எல்லாம் அதில் ஏற வேண்டும். ஏற்றுவதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பெரிய அறை, முன்னால் ஒரு திரை, நிறைய பெண்கள். எந்த பட்டனை அமுக்க வேண்டும், சிவப்பு வந்தால் என்ன, பச்சை வந்தால் என்ன என்று சொன்னார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்த அக்கா ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "பொழுதுக்கும் கத்துக்கிட்டோம் தம்பி. புள்ளைங்கள பத்தி ஒரு பேச்சு இல்ல."

இந்த ஒரு வார்த்தைக்கு மேல் நான் பெரிதாக ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. டீச்சருக்குக் கொடுத்த முதல் தொழில்நுட்பப் பயிற்சி, பிள்ளைக்குச் சொல்லித்தர அல்ல, மேலே கணக்குக் காட்ட. பிள்ளையைப் பார்க்க வேண்டிய கண் திரையைப் பார்க்கிறது. சிக்னல் தேடி டீச்சர் வாசலுக்குப் போகும்போது உள்ளே இருபது பிள்ளைகள் ஆயாவோடு நிற்கின்றன. மகாராஷ்டிராவில் 2021இல் அங்கன்வாடிப் பெண்கள், போன் வேலை செய்யவில்லை, செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது என்று அரசாங்கம் கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்தே போராடினார்கள். படிக்காத ஜனங்களுக்குத் தொழில்நுட்பம் பிடிக்காது என்று ஏசிவிட்டுப் போக முடியாத போராட்டம் அது. அவர்கள் கேட்டது வேலை செய்கிற போன், தங்களுக்குப் புரிகிற மொழி.

2025 ஜூலை 1 முதல் வீட்டுக்குக் கொடுக்கிற சத்துமாவுக்கு முகத்தைப் படம் பிடித்து ஆதாரோடு ஒப்பிட வேண்டும் என்று ஆக்கினார்கள். ஆதாரைச் சரிபார்க்க போன் நம்பருக்கு ஓடிபி வரும். எங்கள் காலனியில் பல வீட்டில் ஒரே போன். அது புருஷன் கையில். புருஷன் செங்கல் சூளையிலோ கரும்பு வெட்டிலோ இருக்கிறான். கைக்குழந்தைக்காரி வந்து நிற்கிறாள். "நம்பரு வரலக்கா, நான் இன்னா பண்ணுவேன்" என்கிறாள். டீச்சர் என்ன பண்ணுவாள்? மாவு கொடுத்தால் கணக்கு உதைக்கிறது, கொடுக்காவிட்டால் சேரி திட்டுகிறது. திட்டு வாங்குவதற்கு மட்டும் பயிற்சி தேவைப்படவில்லை.

இத்தனைக்கும் மத்திய அரசின் கணக்கில் இந்தப் பெண் கௌரவப் பணியாளர். 2018 அக்டோபரில் அவர்கள் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4500 ரூபாய். மாநிலங்கள் மேலே போட்டுத் தருகின்றன. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

கல்விக்கென்று பயிற்சி வரவே இல்லையா? வந்தது. 2023 மே மாதம் 'போஷன் பி, படாய் பி' என்று ஒரு திட்டம். ஊட்டமும் வேண்டும், படிப்பும் வேண்டும் என்று அர்த்தம். பெயரே இந்தி. மேலே இருக்கிற அதிகாரிகளுக்கு முதலில் சொல்லி, அவர்கள் கீழே டீச்சர்களுக்குச் சொல்கிற ஏற்பாடு. மூன்று நாள். நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. சோறு போடுகிற இடம் என்று மட்டும் நினைத்திருந்த பால்வாடியைப் பள்ளிக்கூடமாகவும் மதிப்பது நல்ல விஷயம். ஆனால் மேலிருந்து கீழே ஊற்றும்போது சேரி வரைக்கும் வந்து சேர்வது சில வீடியோக்கள்தான். இதைப் போடு, அதைப் போடு, போட்டதைப் படமெடுத்து அனுப்பு.

அந்த மாதிரி வீடியோக்களைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன். அதில் வரும் வீட்டில் சாமி அறை இருக்கிறது. தாத்தா சாய்வு நாற்காலியில் பேப்பர் படிக்கிறார். சத்துள்ள சாப்பாடு என்றால் பால், நெய், பழம். மாட்டுக்கறி இல்லை, கருவாடு இல்லை, நத்தை இல்லை. ஒரு பெண்பிள்ளை எழுந்து, "எங்க வூட்ல ஞாயித்துக்கெழம பெரியகறி" என்றது. டீச்சர் ஒரு நிமிஷம் தயங்கினாள். வீடியோ பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நாலு வயசுப் பிள்ளைக்கு, தன் வீட்டுச் சாப்பாடு திரையில் வராத சாப்பாடு என்று இங்கேதான் தெரியவருகிறது. இதற்கு யாரும் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். திட்டம் போடாமலே நடப்பதுதான் சாதி.

அதே காலனியில் வேறொன்றும் நடந்தது. ஒரு அக்கா தன் சொந்த போனில் தெருவைப் படமெடுத்தாள். அடிபம்பு, வேப்பமரம், பன்றிக்குட்டி, நாற்றுக்கட்டு, ரேஷன் கடை, சுவரில் மாட்டியிருந்த பறை. ஒவ்வொரு படமாகக் காட்டி "இது இன்னா?" என்றாள். வாயே திறக்காத பிள்ளைகள் எல்லாம் கத்தின. பறையைக் கண்டதும் ஒரு பயல் தொடையில் அடி போட ஆரம்பித்துவிட்டான். பிள்ளைகள் 'வூடு' என்றால் அவளும் 'வூடு' என்பாள். பிறகு "பொஸ்தகத்துல வீடுன்னு போட்டிருக்கும்" என்பாள். இரண்டையும் சொல்லலாம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கிழவி சொன்ன நரிக்கதையைப் பதிவுசெய்து போட்டாள். தன் பாட்டியின் குரல் பெட்டியிலிருந்து வந்தபோது அந்தப் பேரனுக்கு வந்த பவுசைப் பார்க்க வேண்டுமே! ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு போனை மூடிவைத்து, களிமண்ணில் நரி செய்தார்கள்.

இதைப் பார்த்த மேலதிகாரி ஒருவர், "இந்தப் பறையெல்லாம் எதுக்கும்மா, நல்லதா எதாச்சும் காட்டு" என்றாராம்.

இந்த அக்கா செய்தது புதிதும் அல்ல. 1945இல் போர்டியிலும் பிறகு கோஸ்பாடிலும் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் ஏழை, ஆதிவாசிப் பிள்ளைகள் இருக்கிற முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். விதை, கூழாங்கல், இலை, கிளிஞ்சல் என்று அங்கே கிடைத்தவைதான் கருவி. அங்கன் என்றால் முற்றம். பெயரில் முற்றம் இருக்கிறது, பயிற்சியில்தான் இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது செல்போன் வேண்டாம் என்பது அல்ல. சேரிக்குக் கருவி வரும்போதெல்லாம் உங்களுக்கு எதுக்கு என்று கேட்டவர்களோடு நாம் சேர முடியாது. கேட்க வேண்டியவை வேறு. பதிவு வேலையையும் பாட வேலையையும் பிரியுங்கள். பயிற்சியில் வீடியோ போடச் சொல்லித் தருவதற்கு முன்னால் குரல் பதியவும், படமெடுக்கவும், தன் தெருவிலிருந்து ஒரு பாடம் செய்யவும் சொல்லித்தாருங்கள். எந்த வீடியோவை நிறுத்த வேண்டும், நிறுத்திவிட்டுப் பிள்ளையிடம் என்ன கேட்க வேண்டும் என்று பழக்குங்கள். 2 முதல் 4 வயதுப் பிள்ளை திரைக்கு முன்னால் உட்காரும் நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை ஒவ்வொரு டீச்சருக்கும் சொல்லுங்கள். பிள்ளைகளின் படம் எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று கேட்க டீச்சருக்கும் தாய்க்கும் உரிமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயிற்றுநர்களில் சேரிப் பால்வாடியில் வேலை பார்த்த பெண்கள் இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. 2019இல் மதுரை மாவட்டம் வலையபட்டியில் தலித் பெண்கள் இரண்டு பேரை அங்கன்வாடிக்கு நியமித்தபோது சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். அந்தப் பெண்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள் என்று பத்திரிகைகளில் வந்தது. தலித் பெண் சமைத்த சோறு என்று ஒரு பிள்ளையை வீட்டில் நிறுத்திவைத்தால் செயலியில் 'வரவில்லை' என்று மட்டும்தான் விழும். ஏன் வரவில்லை என்பதை அந்த டீச்சர்தான் சொல்ல முடியும். அவளைச் சொல்ல விடுகிற பயிற்சி எதுவோ, அதற்காக நாம் சங்கமாகக் கூடிக் கேட்க வேண்டும். போன் அவள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.