மூணு சென்ட்டில் இன்னொரு அடுப்பு

பழவேற்காட்டுக் குப்பங்களில் கல்யாணம் நிச்சயமானால், பத்திரிகை அடிக்கும் முன்பே மேஸ்திரிக்கு ஆள் வந்துவிடும். கல்யாணமானவன் தனித் தலைக்கட்டு. ஊர் வரி, ஏரிப் பாட்டில் (மீன்பிடி இடத்தில்) முறை எல்லாம் அந்தக் கணக்கில்தான். தலைக்கட்டு பிரிந்தால் அடுப்பும் பிரிய வேண்டும். மனை மட்டும் பிரிவதில்லை.

சுனாமிக்குப் பிறகு எழும்பிய குடியிருப்புகளில் இந்த நெருக்கடி அதிகம். 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172, கிராமப்புறத்தில் குடும்பத்துக்கு 3 சென்ட் மனை, 300 முதல் 325 சதுர அடி வீடு என்று வகுத்தது. அன்று இடுப்பில் இருந்த பிள்ளைக்கு இன்று பெண் பார்க்கிறார்கள். 3 சென்ட் என்பது 1,300 சதுர அடிக்குச் சற்று மேல். வீடு, கக்கூஸ், செப்டிக் டேங்க், வலை போட்டுவைக்கும் இடம் எல்லாம் போகப் பின்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறையும் சமையலுக்கு ஓர் ஒதுக்கும் தேறும்.

"மேலயே எடுத்துடலாமே மேஸ்திரி" என்பார்கள். ஏணி போட்டு, சுத்தியலால் தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்ப்பேன். கெட்டியான சத்தம் வந்தால் மேற்கொண்டு பேசலாம். பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் பூச்சைக் கொத்தினால், உள்ளே கம்பி துருவேறி ஊதி, ஏடு ஏடாகப் பெயர்ந்து கையோடு வரும். உப்புக்காற்று ஒரு காரணம். கரிப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தத் தளத்தின்மேல் ஒரு கல்கூட வைக்கமாட்டேன்.

பின்பக்க வீட்டிலும் பணம் போவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். கடலோரக் கட்டடத்துக்குக் கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட்டும் எம்30 கலவையும் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. வழக்கமாகத் தளத்துக்கு வைக்கும் கவர் பிளாக் 20 மில்லிமீட்டர். அதைக் கூட்டினால் தளம் கனக்கும், சிமென்ட் கூடும். நல்ல தண்ணீரை லாரியில் வாங்க வேண்டும், தளம் நனைக்கவும் சேர்த்து. வீட்டுக்காரர்கள் முதலில் கைவைப்பது இந்தத் தண்ணீர்ச் செலவில்தான். டைல்ஸில் குறைக்கச் சொன்னால் முகம் சுண்டிவிடும். பொருளோடு சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் கீழே என்னால் பேச முடியாது. அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறது. சதுர அடிக்கு ஆயிரம்கூட ஆகவில்லை. அதுவும் குடிசையில் இருப்பவருக்கு. அப்பன் கான்கிரீட் வீட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டும் மகன் அந்தக் கணக்கில் எங்கே வருவான்?

பணம் புரட்டினாலும் தூரம் இடிக்கும். கிழக்கே கடல், மேற்கே ஏரி. இரண்டிலும் ஓதம் ஏறி இறங்குவதால் இரண்டு பக்கமிருந்தும் அளப்பார்கள். ஊர்ப்புறங்களில் கடலின் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர்வரை புதுக் கட்டடம் கூடாது என்றது 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 100 முதல் 200 மீட்டருக்குள் மீனவர் வீடுகளுக்கு நிபந்தனையோடு வழிவிட்டது. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறங்களில் அந்த 200 மீட்டரை 50 ஆக்கியது. 300 சதுர மீட்டர்வரையான சொந்தக் குடியிருப்புக்கு, விதியை ஒப்பிட்டுப் பார்த்து உள்ளாட்சியே ஒப்புதல் தரலாம் என்றும் சொன்னது. உங்கள் மனை எந்த வகையில் விழுகிறது என்பதைக் கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி என்று கேட்டுவிட்டுச் சிலர் கடப்பாரையோடு நிற்கிறார்கள். கடலோர விதி அதனால் தள்ளுபடி ஆகிவிடாது.

மீனவக் குடும்பங்கள் பெருகுவதைக் கணக்கில் கொண்டு, நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்று மாநில அரசுக்கு இந்த இரண்டு அறிவிக்கைகளுமே சொல்லியிருக்கின்றன. பின்பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன், அந்தத் திட்டத்தையும் வரைபடத்தையும் உங்கள் கிராம சபையில் விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.