போதுமா, போதாதா?

சென்ற ஆறு திங்களாக நம் இல்லத்தில் இரவு உணவு முடிந்ததும் ஒரு சிறு பரீட்சை நடந்து வருகிறது. தமையனாரின் மகள், ஐ.டி.ஐ. முடித்தவள், கல்யாணில் நம்முடன் தங்கி, உதவி லோகோ பைலட் தேர்வுக்குப் படிக்கிறாள். 2023 மார்ச்சில் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத் வண்டியை ஓட்டி வந்த சுரேகா யாதவ் அம்மையாரின் படத்தைச் செய்தித்தாளில் கண்ட நாள் தொட்டு அவளுக்கு வேறு நினைவில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட குமாஸ்தாவாகிய நமக்கு ஆசிரியர் வேடம் வாய்த்தது இவ்வாறே.

முதற்கட்டத் தேர்வில் 60 நிமிடங்களில் 75 வினாக்கள். ஒன்றுக்கு 48 வினாடிதான் விழும். விடை தவறினால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிந்துவிடும். மற்ற பகுதிகளை அவளே பார்த்துக்கொள்கிறாள். நம்மிடம் கொண்டு வருவது, பயிற்சி நூல்களில் ‘டேட்டா சஃபிஷியன்ஸி’ என்று தலைப்பிட்டிருக்கும் கணக்குகளை. தரவு போதுமா, போதாதா என்று தீர்மானிக்கும் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கேள்வியும் அதன்கீழ் இரண்டு கூற்றுகளும் இருக்கும். முதற் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, தனித்தனியே எதுவாயினும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தும் போதாதா என்பதையே குறிக்க வேண்டும். விடையை அவர்கள் கேட்பதில்லை. விடை காண வழி உண்டா என்றே கேட்கிறார்கள்.

இது நமக்குப் பிடிபட நாளாயிற்று. கூட்டிக் கோடு போட்டு முடித்தால்தான் குமாஸ்தாவின் கை ஓயும். ஒரு நாள் இப்படி ஒரு கணக்கு வந்தது: ஒரு ரயில் ஒரு கம்பத்தை 12 வினாடியில் கடக்கிறது, ரயிலின் நீளம் என்ன? முதற் கூற்று, அதன் வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர். இரண்டாவது, அதே வேகத்தில் 120 மீட்டர் நடைமேடை ஒன்றை அது 20 வினாடியில் கடக்கிறது. நாம் தாளை எடுத்து, வேகத்தை வினாடிக்கு 15 மீட்டராக மாற்றி, 180 மீட்டர் என்று கண்டோம். இரண்டாவது வழியாகவும் போட்டுப் பார்த்தோம், அதே 180. பெருமையோடு நிமிர்ந்தபோது, அவள் அடுத்த பக்கத்தில் இருந்தாள்.

“நீளத்தை யார் கேட்டார்கள், சித்தப்பா? தனித்தனியே எதுவாயினும் போதும் என்று அப்போதே குறித்துவிட்டேன்” என்றாள்.

ஆயினும் அவள் சறுக்கும் இடங்களும் உண்டு. இரண்டாவது கூற்றைப் படிக்கும்போது முதற் கூற்று மனத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தனியே போதாதது போதும்போலத் தோன்றும். முதலாவதை அட்டையால் மறைத்துப் படிக்கச் சொன்னோம். தேர்வோ கணினியில், திரையை மறைத்தால் கண்காணிப்பவர் என்ன நினைப்பாரோ! மனத்தால் மறைக்கும் வரையில் அட்டை துணை. மற்றொன்று: ‘ஓர் எண் இரட்டைப்படையா?’ என்ற கேள்விக்கு, ‘அதை 4 ஆல் வகுத்தால் மீதி 3’ என்று ஒரு கூற்று. இரட்டைப்படை இல்லை என்று தெரிந்ததும் ‘போதாது’ என்று குறித்துவிட்டாள். ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் அதுவும் விடையே, தரவு போதும்.

தமிழில் வினாத்தாளைத் தேர்ந்தெடுக்கும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்று. ‘கவும் சவும் ஒரே பெற்றோரின் மக்கள், ச இளையவர். கவுக்குச் ச என்ன உறவு?’ ‘தம்பி’ என்றாள் உடனே. தங்கையாகவும் இருக்கலாமே! இந்தியில் சோட்டா என்றோ சோட்டி என்றோ வந்து உண்மையைச் சொல்லிவிடும். நம் மொழியின் மரியாதை விகுதியோ ஆண் பெண் இருபாலாரையும் ஒரே போர்வையால் மூடிவிடுகிறது. இரண்டு கூற்றும் சேர்ந்தும் போதாது.

‘சேர்ந்தும் போதாது’ என்பதைக் குறிக்க அவளுக்கு மனமே வருவதில்லை. இத்தனை சொல்லியும் விடை இராதா என்று எதையாவது ஊகித்துவிடுவாள். அப்படி ஊகித்த ஓர் இரவில்தான் நாம் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னோம்.

2016ஆம் ஆண்டு, வேறொரு நிலையத்தில் பார்சல் அலுவலகத்தில் இருந்தோம். இரவு வண்டியில் வர வேண்டிய துணிமூட்டை ஒன்று குறைந்தது. ஏற்றியதாகப் பட்டியலில் இருந்தது. அன்று பிரேக் வேனுக்குள் ஏறி இறங்கிய சுமையாள் ஒருவரே, தருமபுரிப் பக்கத்தவர். வங்கிப் படிவங்களை நிரப்பித் தரச் சொல்லி நம்மிடம் வருபவர். இவ்விரண்டு கூற்றுகளையும் சேர்த்து, பொறுப்பு அவருடையதே என்று அறிக்கை எழுதினோம். ஒப்பந்தக்காரர் மறுநாளே அவரை நிறுத்திவிட்டார். போகுமுன் அவர் வந்து, “ஐயா, நீங்க பார்த்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். நாம் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாள், மூட்டை இறக்கப்படாமலே வண்டி முடியும் நிலையம் வரை போய் அங்கே கிடப்பதாகத் தகவல் வந்தது. திருத்தி மறு அறிக்கை எழுதினோம். அதைச் சொல்ல அவர் குடியிருந்த சாலுக்குப் போனபோது பூட்டு தொங்கிற்று. ஊருக்குப் போனாரா, வேறெங்கும் போனாரா என்று அக்கம்பக்கத்தார் எவருக்கும் தெரியவில்லை. அவர் வங்கியில் கொடுக்கச் சொல்லி வைத்திருந்த படிவம் ஒன்று, பாதி நிரப்பியபடி, நம் மேசை இழுப்பறையில் கிடந்தது. இன்றும் நம்மிடம் இருக்கிறது.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வண்டியிலேயே தங்கியிருக்கலாமே, சித்தப்பா, அதை இரண்டு கூற்றும் மறுக்கவில்லையே” என்றாள். ஆமென்றோம். அவள் அழிப்பானை எடுத்துத் தன் விடையைத் திருத்திக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போனாள்.

தேர்வு நெருங்குகிறது. ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு இக்கணக்குகளைச் சேர்ந்து போட்டுப் பார்க்கிறோம். சங்கத்து அன்பர்களின் பிள்ளைகள் எவர் வரினும் மகிழ்வோம். பென்சிலும், கூற்றை மறைக்க ஒரு தடித்த அட்டையும் கொண்டுவந்தால் போதும்.