லண்டன் பஸ்ஸில் பேரனோடு

மகளின் பிரசவத்துக்கு லண்டன் போகும் அம்மாக்களே, அங்கே பஸ் ஏறியதும் பர்ஸைத் திறந்து சில்லறை தேடாதீர்கள்! 2014 ஜூலை முதல் அந்த ஊர் பஸ்ஸில் காசே வாங்குவதில்லை. கண்டக்டரும் கிடையாது. ஆய்ஸ்டர் கார்டையோ பேங்க் கார்டையோ டிரைவர் பக்கத்திலுள்ள மஞ்சள் வட்டத்தில் வைத்தால் 'பீப்' என்கிறது, அவ்வளவுதான். ஆளுக்கொரு கார்டு வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினால் தனியாகக் கட்டணம் இல்லை. என் மகள் காய்கறி வாங்குவதே இந்தக் கணக்கில்தான். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்கக்கூட விடமாட்டாள்!

நடுவாசலருகே கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். பிராமை அங்கே நிறுத்தலாம். ஆனால் அது முதலில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு உரிய இடம். ஒருநாள் டூட்டிங் பக்கம் போகையில் நல்ல மழை. ஸ்டாப்பில் சக்கர நாற்காலியில் ஓர் அம்மாள் நனைந்துகொண்டிருந்தார். பேரனோ அப்போதுதான் தூங்கியிருந்தான். எழுப்பணுமா என்று எனக்குச் சுருக்கென்றது. மகள் அதற்குள் அவனைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டாள்.

"நம்ம வண்டியை மடக்கலாம்மா, அவங்க நாற்காலியை மடக்க முடியுமா?"

வாசலிலிருந்து சரிவுப்பலகை நீண்டது. அந்த அம்மாள் ஏறி, வீறிட்ட பேரனைப் பார்த்துச் சிரித்தார். அவன் வீடு வரை அழுதான்!

பிராம் வாங்கும்போது கலரைப் பார்க்காதீர்கள். ஒரு கையால் மடக்க வருகிறதா என்று கடையிலேயே மடக்கிப் பாருங்கள். கைப்பிடியில் காய்கறிப் பைகளை மாட்டினால் அவசரத்துக்கு மடங்காது.