ஜேர்சிய பேக்குக்குள்ள வை

லொறி கிளம்புவதற்கு முன்னால் டிரைவர் மாமா ஒருதடவை பின்பக்கம் வந்து தலைகளை எண்ணுவார். எண்ணி முடித்துவிட்டு எப்போதும் அதையேதான் சொல்வார்: "ஜேர்சிய பேக்குக்குள்ள வை. தப்ப மடியில வை. டவுன் தாண்டுற வரைக்கும் சத்தம் கேக்கக்கூடாது."

காலை ஆறரைக்குப் பிரட்டுக்களத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிற எங்களுக்கு இது பெரிய பகிடி. மெட்ச் பார்க்கப் போவதே கத்துவதற்குத்தான். கத்தாமல் போவதென்றால் கோயிலுக்குப் போகலாமே? ஆனால் லொறி அவருடையது. அதனால் கேட்டுக்கொள்வோம்.

நாங்கள் என்றால் ஆறு பேர். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். மூன்று பேர் இப்போது பல்கலைக்கழகத்தில், கலைப்பீடம். ஒருவன் கொழும்பில் கடையில் வேலை, ஒருத்தி முன்பள்ளி டீச்சர், ஒருவன் மட்டும் தோட்டத்து டீமில் ஆடுகிறான். மற்ற ஐந்து பேரும் அவனோடு போய்க் கத்துகிறவர்கள். ஆறில் இரண்டு பேர் பெண்கள். தோட்டங்களின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

மலையகத்தில் ஒரு கிரவுண்ட் இருப்பதே அதிசயம்தான். துரைமார் தங்களுக்கென்று டிக்கோயாப் பக்கம் தரவளையிலும் நானுஓயாப் பக்கம் ரதல்லயிலும் கிளப் வைத்து, புல்வெளி வைத்து, ரக்பியும் கிரிக்கெட்டும் ஆடினார்கள். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் இரண்டு மலைக்கு நடுவே மண்வெட்டியால் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். மூன்று பக்கமும் தேயிலை, நாலாவது பக்கம் பள்ளம். பந்து பள்ளத்தில் விழுந்தால் மெட்ச் பத்து நிமிஷம் நிற்கும். சனம் தேயிலைச் சரிவில் உட்கார்ந்து பார்க்கும். பாதை ஒன்றுதான், அதுவும் ஒரு லொறி மட்டும் போகிற அகலம். இந்தக் கடைசி விஷயத்தை நாங்கள் ரொம்ப நாளாகக் கவனிக்கவே இல்லை. மாமா கவனித்திருந்தார்.

எந்தக் கிரவுண்டுக்குப் போனாலும் லொறியை ரிவர்ஸில்தான் உள்ளே விடுவார். முகம் எப்போதும் வெளியே போகும் பக்கம். எங்களைப் பாதைக்கு மேல் பக்கச் சரிவில் உட்காரச் சொல்வார், கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கூடாது. ஜெயிக்கிற மாதிரி இருந்தால் கடைசி அஞ்சு நிமிஷத்தில் பெண்களும் சின்னப் பிள்ளைகளும் முதலில் லொறி ஏற வேண்டும். ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. குடித்தவனுக்கு லொறியில் இடமில்லை, அவன் கோல் கீப்பராக இருந்தாலும் சரி. (ஒருதடவை கோல் கீப்பர்தான். அன்றைக்கு 4–0 தோற்றோம்.)

பேர் சொல்லிக் கூப்பிடாதே என்பது மட்டும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தால் அது எங்கள் அப்பாயி சொல்வது. 1977 ஓகஸ்ட் கலவரத்தின்போது அப்பாயிக்கு இப்போது எங்களுக்கு இருக்கிற வயசு. அதற்குப் பிறகு 83. அந்த நாட்களில் பஸ் ஏறும் முன் பொட்டை அழித்துவிடுவார்களாம். பஸ்ஸுக்குள் தமிழில் பேச மாட்டார்கள். பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், தோளைத் தட்டுவார்கள். உட்கார இடம் கிடைத்தாலும் வாசல் பக்கம்தான் நிற்பார்கள். மாமாவின் மெட்ச் சட்டங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். பொட்டு இருந்த இடத்தில் ஜேர்சி, அவ்வளவுதான் வித்தியாசம். வெளிநாட்டில் அவே ரசிகர் என்று ஒரு சொல் இருக்கிறது, எதிரணி ஊருக்குப் போய்த் தன் அணிக்குக் கத்துகிறவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் தாத்தாமார் பிறந்த ஊரிலேயே அந்த மாதிரித்தான் இருந்தார்கள் என்று எங்களில் வரலாறு படிப்பவள் சொல்வாள். அவள் எதையும் அங்கே கொண்டுபோய் முடிப்பாள், விடுங்கள்.

இரண்டு மெட்ச் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது ஒரு சிங்களக் கிராமத்து கிரவுண்ட். எழுவர் போட்டி, நொக் அவுட், பதினாறு டீம், தமிழ் டீம் என்று நாங்கள் மட்டும்தான். வீட்டில் எல்லோருக்கும் பயம். போனோம். இரண்டாவது மெட்ச்சில் அந்த ஊர் டீமோடு மோதல். சரிவுக்குக் கீழேயிருந்து ஒரு கூட்டம் எங்களைப் பார்த்துச் சொல்லக்கூடாததைச் சொல்லிக் கத்தியது. இனத்தைச் சொல்லி ஒரு வார்த்தை, பிறகு நாங்கள் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று ஒரு வார்த்தை. சிங்களம் எங்களுக்கு நன்றாகவே புரியும். எங்களில் ஒருவன் எழும்பப் போனான், மாமா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். 1–0 ஜெயித்தோம். விசில் ஊதும்போது பெண்கள் லொறியில். போட்டியை நடத்திய நடுத்தர வயசுக்காரர் ஒருவர், எங்களுடைய ஆள் இல்லை, எங்களைத் தெரியவும் தெரியாது, தன் ஆட்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து லொறிக்கு முன்னால் பாதையில் நடந்தார். மெயின் ரோட் வரை நடந்தார். எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. அன்பு, சகோதரத்துவம் என்றெல்லாம் இதை எழுத எங்களுக்கு இஷ்டமில்லை. தான் நடத்துகிற போட்டியில் யாருக்கும் மண்டை உடையக்கூடாது என்று நினைத்த ஒரு மனுஷன், அதற்காக அரை மைல் நடந்தார்.

இரண்டாவது மெட்ச் எங்களிலிருந்து இரண்டு மலை தள்ளி. தமிழ்த் தோட்டம். அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், ஒரே கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள். "நம்ம ஆளுங்கதானே" என்று எல்லாச் சட்டத்தையும் விட்டுவிட்டோம். மாமாவுக்கு அன்றைக்கு வேறு ஹயர், லொறியை வேறொருவர் ஓட்டினார், முகத்தை உள்பக்கம் வைத்து நிறுத்தினார். ஜேர்சி போட்டுக்கொண்டே போனோம். தப்பை வாசலிலேயே அடிக்கத் தொடங்கினோம்.

தப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பல்கலைக்கழகக் கலைவிழாவில் நாங்கள் தப்படித்தோம். மலையகத்தின் குரல், ஒடுக்கப்பட்டவர்களின் இசை என்று மேடையில் அறிமுக உரையும் நாங்களே எழுதினோம். நல்ல கைதட்டு. அதே தப்பை அந்தச் சரிவில் அடித்துக்கொண்டு ஒரு பாட்டுக் கட்டினோம். அந்தத் தோட்டத்துப் பணியக்கணக்கு ஆட்களைப் பற்றி, அவர்கள் என்ன சாதி என்பதைப் பற்றி. அந்த வரியை இங்கே எழுத மாட்டோம். கட்டியது எங்களில் ஒருவர். பாடியது எல்லோரும். பெண்கள் இரண்டு பேரும்தான். மூன்றாவது தடவை பாடும்போது எதிர்ச் சரிவில் சத்தம் நின்றுவிட்டது. மெட்ச் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அங்கே யாரும் மெட்ச்சைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார்கள். அதை நாங்கள் ஜெயித்த மாதிரி எடுத்துக்கொண்டோம்.

பிறகு ஒரு பெனால்டி, ரெப்ரியைச் சுற்றி ஒரு தள்ளுமுள்ளு, முதல் கல். முதல் கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறோம். மூன்று மணி மிஸ்ட் இறங்கியிருந்தது, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. லொறியைத் திருப்ப இடமில்லை. தேயிலைக்குள் ஓடியவர்களுக்குத் தெரியும், கவ்வாத்து வெட்டிய மலையில் ஓடுவது கத்திக்கு மேல் ஓடுவது மாதிரி. எங்கள் டீம்காரனுக்குத் தலையில் ஏழு தையல். அவர்கள் பக்கம் ஒரு பையனுக்குக் கை முறிந்தது, பதினாலு வயசு, விளையாடக்கூட இல்லை. எங்கள் இரண்டு பெண்களும் ஒரு லயத்துக் காம்பிராவுக்குள் ஓடிப்போய் நின்றார்கள். அந்த வீட்டு அம்மா கதவைச் சாத்தி, தண்ணி கொடுத்துவிட்டு, "பாடுறப்ப இந்த வீட்டையும் சேத்துத்தானே பாடுனீங்க" என்று மட்டும் கேட்டிருக்கிறார். இருட்டும் வரை அவர் வேறொன்றும் பேசவில்லையாம். பின்கதவால் ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டது அவருடைய மகன்.

கொஞ்ச நாளைக்கு நாங்கள் எல்லோரும் உலகத்து மைதானக் கலவரங்களைத் தேடித் தேடிப் படித்தோம். எங்களைவிட மோசமானவர்கள் இருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் என்று இப்போது தோன்றுகிறது. 1980 ஓகஸ்ட் 16, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் மெட்ச். இரண்டு பக்க ரசிகர்களையும் ஒரே கலரியில் கலந்து உட்கார வைத்திருந்தார்கள். மைதானத்தில் இரண்டு வீரர்கள் மோத, மேலே கலரியில் சண்டை, நெரிசல், 16 பேர் செத்துப்போனார்கள். அப்படியென்றால் பிரித்து வைத்தால் போதுமா? 2022 ஒக்டோபர் 1, இந்தோனேசியாவின் மலாங், கஞ்சுருஹான் மைதானம். கலவரம் வரும் என்று பெர்செபாயா ரசிகர்களை உள்ளே விடவே இல்லை. முழுக்க முழுக்க அரேமா ஆட்கள்தான். 3–2 தோற்ற கோபத்தில் சிலர் உள்ளே இறங்கினார்கள். பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்தது, கலரியை நோக்கியும் அடித்தது. மைதானத்துக்குள் அதைப் பாவிக்கக்கூடாது என்று ஃபிஃபா விதியே இருக்கிறது. சனம் வாசலுக்கு ஓட, வாசல்கள் போதவில்லை. 135 பேர். எதிரணி ரசிகன் ஒருத்தன்கூட இல்லாத மைதானத்தில்.

படிக்கும்போது எங்களுக்கு ஞாபகம் வந்தது கலரியோ பொலிஸோ இல்லை, உள்பக்கம் முகம் வைத்து நின்ற லொறிதான்.

இன்னொன்றையும் படித்தோம், அதைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. 2012 செப்டம்பர் ஆரம்பத்தில் இலங்கையிலிருந்து ஓர் உதைபந்தாட்டக் குழு நட்பு ஆட்டத்துக்குச் சென்னை போயிருந்தது. இரத்தினபுரியிலிருந்து ஒரு பாடசாலைக் குழுவும் போயிருந்தது. முதலமைச்சர் ஜெயலலிதா இரண்டு குழுவையும் திருப்பி அனுப்பச் சொன்னார். நேரு விளையாட்டரங்கில் ஆட அனுமதித்த அதிகாரி இடைநீக்கம் செய்யப்பட்டார். அதே வாரம் வேளாங்கண்ணிக்குப் போன இலங்கை யாத்திரிகர்களின் பஸ்களுக்குத் திருச்சிப் பக்கம் கல்லெறி. 2009க்குப் பிறகு அங்கே இருந்த கோபம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. அந்தக் கோபம் பொய் என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த பஸ்ஸுக்குள் ஜன்னல் பக்கம் இருந்த ஒரு அம்மாவும் பிள்ளையின் தோளைத்தான் தட்டியிருப்பாள். பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டாள். எங்களில் இரண்டு பேர் இந்த வசனத்தை எடுக்கச் சொன்னார்கள். நாலு பேர் வேண்டும் என்றோம், வைத்திருக்கிறோம்.

பெண்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கிரவுண்டுக்குப் போகும் பெண்கள் காலையிலிருந்து தண்ணி குடிப்பதில்லை, ஏனென்றால் எந்த கிரவுண்டிலும் டொய்லட் இல்லை. ஆண்கள் தேயிலைக்குள் போய்விடுவார்கள். பின்னாலிருந்து வரும் கை, ஃபோனில் எடுக்கப்படும் படம், இதற்கெல்லாம் எதிரணி தேவையில்லை. சொந்த கிரவுண்டிலும் நடக்கும். மாமாவின் சட்டத்தில் இதற்கு ஒன்றும் இல்லை. அதனால் நாங்களே சேர்த்தோம்: ஒரு பெண் தனியாக எழும்பிப் போகக்கூடாது, கூட இன்னொருத்தி போகவேண்டும். முதலில் கிரவுண்டுக்குப் பக்கத்து லயத்தில் ஒரு வீட்டைப் பேசிவைக்க வேண்டும்.

வருகிற பொங்கலுக்கு எங்கள் தோட்டத்தில் போட்டி. இரண்டு மலை தள்ளியிருக்கிற அந்த டீமுக்கும் கடிதம் போனது. வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கை முறிந்த பையனின் அண்ணன்தான் கெப்டன். போன கிழமை நாங்கள் மூன்று பேர் அங்கே போனோம். அந்த வீட்டு அம்மாவைப் பார்த்தோம், பாட்டுக்கு மன்னிப்புக் கேட்டோம். "சரி" என்றார். தேத்தண்ணி கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் கிரவுண்டில் அவர்களுடைய லொறி நிற்க வேண்டிய இடத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறோம், கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில், முகம் ரோட்டுப் பக்கம். அவர்களோடு வரும் பெண்களுக்கு மேட்டு லயத்தில் இரண்டு வீடு பேசியாயிற்று. மெட்ச் முடிந்ததும் லொறிக்கு முன்னால் மெயின் ரோட் வரை நடக்க நாலு பேர், அதில் ஒருவர் டிரைவர் மாமா. தப்பு அடிப்பதா வேண்டாமா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அவர்களிடமே கேட்போம் என்கிறாள் வரலாறு படிப்பவள். அவர்களும் ஒன்று கொண்டுவரட்டும் என்கிறான் தையல் போட்டவன்.